தேதியும் கிழமையும்

பூமிநாதன் சாவியைக் கையில் கொடுக்கவில்லை. தானே பூட்டைத் திறந்து, தானே முதலில் உள்ளே போய், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்த பிறகுதான் பாரதிப்ரியாவை வரச் சொன்னார். ஒன்பது மாதமாக அவள் தினமும் திறந்து, பெருக்கி, சாம்பிராணி போட்ட அறை அது. இன்று யார் வீட்டுக்கோ வந்தவள் மாதிரி வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்க வேண்டியதாயிற்று.

"ஒம்பதரை வரைக்கும்தாம்மா நேரம்," என்றார் அவர். "அதுக்குள்ள யாரு ஊதுனதுன்னு நீ காட்டணும். இல்லன்னா ஊர் பேசுனது பேசுனதுதான். ஆறு கம்பத்துலேருந்தும் ஸ்பீக்கரை எறக்கிடுவாங்க. அப்புறம் பஞ்சாயத்துத் தலைவர் கைவிட்டுட்டாருன்னு என்னைச் சொல்லக்கூடாது."

"சொல்ல மாட்டேங்க மாமா."

சுவரில் மணி எட்டு பத்து. வெளியே ஞாயிற்றுக்கிழமைக் காலைக்குரிய சத்தம் எதுவும் இல்லை. வங்காள விரிகுடாவில் காற்றழுத்தத் தாழ்வு என்று இரண்டு நாளாகப் படகுகள் கரையேறிக் கிடந்தன. காரைக்கால்மேட்டு ஆம்பளைகள் பாதிப் பேர் தகவல் மையத்து வாசலில்தான் நின்றார்கள். வேடிக்கை பார்க்கத்தான். வேறு வேலையும் அவர்களுக்கு இல்லை.

நடந்தது இதுதான். சுனாமிக்குப் பிறகு ஒரு தொண்டு நிறுவனம் இந்த ஊரில் தகவல் மையம் என்று ஒன்றை வைத்துக்கொடுத்தது. ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஆம்ப்ளிஃபயர், ஊருக்குள் ஆறு கம்பத்தில் கூம்பு ஸ்பீக்கர். காலை ஆறு மணிக்கும் மாலை ஐந்துக்கும் அலையும் காற்றும் எப்படி என்று அது சொல்லும். ஆபத்து என்றால் சங்கு ஊதும். பழைய மில்லில் ஊதுமே, அந்த மாதிரி அடிவயிற்றைப் பிடித்து இழுக்கிற சத்தம். இந்த டிசம்பரின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது ஐந்துக்கு அந்தச் சங்கு ஊதியது. கடல் குளம் மாதிரிக் கிடந்தது. ஆனால் சங்கு கேட்ட பிறகு கடலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு நிற்கிற ஊர் இல்லை இது. ஊரே ரோட்டை நோக்கி ஓடியது. ஏலக்கரையில் மீன் கூடையோடு நின்ற குஞ்சம்மாள் கருங்கல் மேட்டில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, இன்னும் பெரியாஸ்பத்திரியில் கிடக்கிறாள்.

அன்றைக்கே எல்லாரும் பாரதியைக் கேட்டார்கள். அவள் டிப்ளமோ படித்தவள், மெஷினை அறிந்தவள். தானாக நேரத்துக்கு வேலை செய்ய வைக்கும் பட்டியல் ஒன்று மெஷினுக்குள் உண்டு. அதைத் திறந்து பார்த்தாள். காலைச் செய்தி, மாலைச் செய்தி, ராத்திரி வானிலைத் தகவலை இறக்குவது என்று மூன்றே வரி. சங்கு இல்லை. எழுந்து வந்து, "மெஷின் தானா ஊதலீங்க. யாரோ கையால ஊதியிருக்காங்க," என்று பஞ்சாயத்தார் முன்னால் அடித்துச் சொன்னாள். கையால் ஊதக் கூடியவள் ஊரில் அவள் ஒருத்திதான் என்பது சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. இப்படித் தன் வாயாலேயே மாட்டிக்கொண்ட கெட்டிக்காரியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

மறு சனிக்கிழமை பஞ்சாயத்தார் அறையைப் பூட்டிச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். ஞாயிறு காலை ஒன்பது ஐந்துக்குப் பூட்டிய அறைக்குள்ளிருந்து சங்கு ஊதியது. நியாயமாகப் பார்த்தால் அதோடு அவளை விட்டிருக்க வேண்டும். ஊர் வேறு மாதிரி யோசித்தது. பூட்டுக்குள்ளேயே ஊத வைக்கத் தெரிந்தவள் வேறு யார்? மையத்தை வரும் மார்ச்சில் மூடப்போகிறார்கள் என்று பேச்சு இருந்தது. வேலை போகக் கூடாதென்று ஊரைப் பயங்காட்டுகிறாள் என்று பெண்கள் குழாயடியில் அவள் காதுபடவே பேசினார்கள்.

அதைக்கூட அவள் தாங்கிக்கொண்டாள். தாங்க முடியாதது ஒன்றுதான். இரண்டாம் தடவை சங்கு ஊதியபோது பாதி ஊர் ஓடவில்லை. டீக்கடை வாசலில் நின்று சிரித்தார்கள். மூன்றாம் தடவை ஒரு ஆள்கூட அசைய மாட்டான். பிறகு ஒரு நாள் நிஜமாகவே ஊதும். அந்த நினைப்பு வந்தால் அவளுக்குச் சோறு இறங்குவதில்லை.

இன்று மூன்றாவது ஞாயிறு.

"ஆம்ப்ளிஃபயரை அணைச்சிட்டா வேலை முடிஞ்சுது," என்றார் பூமிநாதன். "ஆனா யாரு வச்சதுன்னு தெரியாமப் போயிடும். ஊதுனா ஊதட்டும்னு ராஜா சொல்றான். தொடக்கூடாதுங்கறான்."

ராஜா குஞ்சம்மாளின் மகன். ஜன்னலுக்கு வெளியே கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அவனுக்குப் பின்னால் முதல் கம்பத்தடியில் ஏணியைச் சாய்த்துவிட்டு நின்றவன் மணிவேல், பாரதியின் புருஷன். குற்றம் சாட்டப்பட்ட வீட்டு ஆள்தான் இறக்க வேண்டும் என்று ஊர் சொல்லிவிட்டது. அவன் மறுக்கவில்லை. "விட்டுத்தொல. எறக்கிட்டா நிம்மதி," என்றுதான் காலையில் அவளிடமும் சொன்னான். அவன் எதற்கும் அதிகம் பேசுகிறவன் இல்லை. மூன்று வருடமாக அதுவும் குறைந்துவிட்டது. நான்கு வயசு மகளைக் கடல் கொண்டுபோன பிறகு அவள் பெயரை அவன் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. நினைவு நாளன்று ஊரே கரையில் நின்று பால் ஊற்றும்போது அவன் மட்டும் எங்கோ போய்விட்டு இருட்டினபிறகு வருவான். எங்கே என்று அவளும் கேட்பதில்லை.

பாரதி மெஷினில் கட்டளை அடிக்கும் கறுப்புத் திரையைத் திறந்தாள். புதன்கிழமை அவள் பஸ் ஏறி டவுனுக்குப் போய் காஜா மைதீனைப் பார்த்திருந்தாள். கல்யாணத்துக்கு முன்னாலும் பின்னாலும் அவருடைய பிரவுசிங் சென்டரில்தான் வேலை பார்த்தாள். அவர் அவள் சொன்னதைக் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "நீ பாத்தது ஒன் லாகினோட பட்டியல மட்டும் தங்கச்சி. ஒவ்வொரு லாகினுக்கும் தனித்தனியா பட்டியல் இருக்கு. அந்த மெஷின்ல எத்தனை லாகின் போட்டு வச்சிருக்கே?"

அவள் விரல் விட்டு எண்ணத் தொடங்கினாள். ஏப்ரல், மே மீன்பிடித் தடைக்காலம். நாற்பத்தைந்து நாள் படகு இறக்கக் கூடாது. சும்மா சீட்டாடிக்கொண்டிருந்தவர்களைப் பிடித்து வந்து அவள்தான் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்தாள். பதினோரு பேர் வந்தார்கள். ஆளுக்கொரு லாகின் கேட்டார்கள். ஒருத்தன் வலையில் ஒருத்தன் கை வைக்கக் கூடாது, ஒருத்தன் லாகினில் மட்டும் வைக்கலாமா என்றார்கள். கொடுத்தாள். நேரத்துக்கு அறிவிப்பு வைப்பதையும் சொல்லிக்கொடுத்தாள். ஐந்து கட்டம்: நிமிஷம், மணி, தேதி, மாசம், கிழமை. வேண்டாத கட்டத்தில் நட்சத்திரம். ஞாயிற்றுக்கிழமைக்குப் பூஜ்யம். கரும்பலகையில் எழுதிப் போட்டதே அவள்தான்.

எல்லா லாகினையும் ஒன்றுவிடாமல் எடுத்து, ஒவ்வொன்றின் பட்டியலையும் வரிசையாகக் காட்டச் சொல்லும் கட்டளையைக் காஜா ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்திருந்தார். நாலு நாளாக அதை ரவிக்கைக்குள்ளேயே வைத்திருந்தாள். அறை பூட்டிக் கிடந்ததால் அடித்துப் பார்க்க வழியில்லை. இப்போது தாளை விசைப்பலகை மேல் விரித்தாள். வியர்வையில் இரண்டு எழுத்து கரைந்துவிட்டிருந்தது.

முதல் தடவை அடித்தாள். பிழை என்றது. இரண்டாம் தடவையும் அதே. உப்புக்காற்றில் பாதி விசைகள் ஒட்டிக்கொள்ளும், ஓங்கி அழுத்தினால் ஒன்றுக்கு இரண்டாக விழும்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்லீங்க."

"மணி எட்டரை ஆவப்போவுது."

அவர் சொன்னது தப்பில்லை. ஆனால் பின்னால் உட்கார்ந்து மணி சொல்கிறவரை விட எரிச்சலூட்டும் பிராணி உலகத்தில் கிடையாது. பாரதி பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துப் பார்த்து அடித்தாள். மூன்றாம் தடவை திரை ஓடத் தொடங்கியது. இந்தப் பெயருக்குப் பட்டியல் இல்லை, இந்தப் பெயருக்குப் பட்டியல் இல்லை என்று முப்பது நாற்பது வரி. எல்லாம் மெஷின் தனக்குத்தானே வைத்துக்கொண்ட பெயர்கள். ஒரு மனுஷன் பேரும் இல்லை. பிறகு அவளுடைய மூன்று வரி. அதற்கும் பிறகு அவள் மாணவர்களின் கைவேலை வரத் தொடங்கியது.

மே முப்பது அதிகாலை ஐந்து மணிக்குத் தடை முடிந்தது, கிளம்புங்கள் என்று ஒருவர் வைத்திருந்தார். அது மே மாதமே ஊரை எழுப்பிவிட்டிருந்தது. தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு ஏலம் என்று ஒருவர். ஒலிக்கோப்பின் பெயரைத் தப்பாக எழுதியதால் அது ஏழு மாதமாகத் தினமும் நாலு மணிக்கு ஊமையாக ஓடிக்கொண்டிருந்தது. மகள் பிறந்தநாளுக்கு இன்னொருவர் வைத்த பாட்டு. அதற்குக் கீழே ஒரு வரி.

5 9 26 12 0. அதன் பின்னால் சங்கு ஒலிக்கோப்பின் பெயர்.

பாரதியின் கை விசைப்பலகையிலிருந்து தானாக எழும்பிவிட்டது.

"கெடச்சிருச்சா?" பூமிநாதன் எழுந்து வந்து திரையில் மூக்கை வைத்துப் பார்த்தார். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது, எண் தெரியும். "இது என்ன கணக்கு?"

"நிமிஷம் அஞ்சு. மணி ஒம்பது," என்று அவள் விரலை வைத்துக் காட்டினாள். "தேதி இருவத்தாறு. மாசம் பன்னண்டு. பூஜ்யம்னா ஞாயித்துக்கெழம."

பூமிநாதன் தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் வீட்டிலும் அன்று இரண்டு பேர் போனார்கள்.

"இது நம்ம நாளுல்ல?"

"ஆமாங்க."

"இருவத்தாறுக்கு இன்னும் பத்து நாள் கெடக்கே. இன்னைக்கி எதுக்கு ஊதணும்? போன வாரம் எதுக்கு ஊதுச்சு?"

அது அவளுக்கும் புரியவில்லை. செல்போனை எடுத்துக் காஜா மைதீனைக் கூப்பிட்டாள். எண்களைப் படித்துக் காட்டினாள்.

"ரெண்டு கட்டத்தையும் நெரப்பியிருக்காங்க தங்கச்சி. தேதியும் போட்டு கெழமையும் போட்டா, ரெண்டும் சேந்து வர்ற நாளுன்னு மெஷின் எடுத்துக்காது. ரெண்டுல எது வந்தாலும் ஓடும். டிசம்பர் இருவத்தாறும் ஓடும், டிசம்பர்ல வர்ற எல்லா ஞாயித்துக்கெழமையும் ஓடும். இதை நீ சொல்லிக் குடுக்கலியா?"

"எனக்கே தெரியாதுண்ணே," என்றாள். ஊர் அவள் மேல் போட்ட பழியில் கொஞ்சம் அவளுடையதும்தான் என்பது இப்போது தெரிந்தது.

"பட்டியல்ல பேரு வராது. வேலை மட்டும்தான் வரும். பேரும் வேணும்னா ஒவ்வொரு பட்டியலுக்கும் முன்னாடி அந்தப் பேரைப் போடச் சொல்லி ஒரு சொல்லு சேக்கணும். எழுதிக்க."

எழுதிக்கொண்டாள். போனை வைத்துவிட்டு காஜா சொன்னதைப் பூமிநாதனுக்குச் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டு நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார்.

"அப்ப, ஊருக்குக் கெடுதல் பண்ணணும்னு யாரும் வைக்கல."

"இல்லீங்க."

"கெழமைய எதுக்குப் போட்டான்?"

"அன்னைக்கி ஞாயித்துக்கெழம."

"ஆமா," என்றார் அவர். "நம்மள்ல யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்லுவோம். இருவத்தாறாந் தேதி, ஞாயித்துக்கெழமன்னுதான் சேத்துச் சொல்லுவோம். தனியா யாரும் சொன்னதில்ல." பிறகு குரலை மாற்றிக்கொண்டார். "இருந்தாலும் பேரு வேணும்மா. பேரு இல்லாம நான் வெளியில போயி நின்னா, ராஜா நம்ப மாட்டான். நீயே எழுதி வச்சுக்கிட்டுக் காட்டுறேம்பான்."

மணி எட்டு ஐம்பத்திரண்டு. பாரதி கட்டளையைத் திரும்ப அடித்தாள். இம்முறை பிழை வரவில்லை. திரை ஓடி நின்றது. மேலே தள்ளிப் பார்த்தாள். அந்த வரி இருந்தது. அதன் தலைமாட்டில் பெயரும் இருந்தது.

manivel.

முதலில் ஊரில் வேறு மணிவேல் இருக்கிறானா என்று தேடியது அவள் புத்தி. இல்லை. பதினோரு பேரில் ஒரே மணிவேல், மூன்று நாள் வந்துவிட்டு, இதெல்லாம் நமக்கு ஆவாது என்று நின்றுவிட்ட மணிவேல். தன் பெயரை அடிக்கவே ஒற்றை விரலால் ஐந்து நிமிடம் எடுத்துக்கொண்டவன். அவனையா மெஷின் சொல்கிறது?

"யாருன்னு போட்டிருக்கு?" என்றார் பூமிநாதன்.

அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. வேறு எந்தப் பெயரை வேண்டுமானாலும் சொல்லலாம். தெரியவில்லை என்றும் சொல்லலாம். திரையை மூடிவிட்டு அந்த வரியை அழித்துவிடவும் அவளுக்குத் தெரியும். ஆனால் அழித்துவிட்டு வெளியே போனால் அவள்தான் ஊதினாள் என்பது கல்லில் எழுதினது மாதிரி ஆகிவிடும். உண்மையைச் சொன்னால் மட்டும் என்ன? பொண்டாட்டி இல்லை, புருஷன் என்பார்கள். ஊர்க் கண்ணுக்கு இரண்டும் ஒரே வீடுதான். இரண்டு வாரமாக எந்த அத்தாட்சிக்காகக் கோயில் கோயிலாக வேண்டிக்கொண்டாளோ, அது கைக்கு வந்து கையைச் சுட்டது. கூடவே கோபமும் வந்தது. அப்படி ஒரு கோபம் அவளுக்கு அவன் மேல் அதுவரை வந்ததில்லை.

"எங்க வூட்டுக்காரரைக் கூப்புடுங்க மாமா," என்றாள்.

பூமிநாதன் அவளை ஒரு பார்வை பார்த்தார். எதுவும் கேட்காமல் ஜன்னலருகே போய், "மணி, உள்ள வா," என்றார்.

மணிவேல் வந்து கதவருகே நின்றான். அவள் திரையைக் காட்டினாள். "இது நீங்க வச்சதா?"

அவன் குனிந்து பார்த்தான். எண்களைப் படிக்க அவனுக்கு நேரம் பிடிக்கவில்லை.

"ஆமா."

"எதுக்கு?"

"அன்னைக்கி ஊதல இல்ல," என்றான்.

அவன் திரையைப் பார்த்தபடியே சொன்னான். "நாங்க நடுக்கடல்ல இருந்தோம். அல எங்களுக்கு அடியில போனதே தெரியல. வந்து பாத்தா, சேத்துக்குள்ள வூட்டுக் கடிகாரம் ஒம்பது அஞ்சுல நின்னு கெடந்துச்சு. அந்த நேரத்துக்கு யாராச்சும் ஒரு சத்தம் குடுத்திருந்தா... வருஷத்துக்கு ஒரு தடவ, அந்த நேரத்துக்கு ஊதட்டும்னு வச்சேன். கீர்த்திகாவுக்குக் கேக்கட்டும்னு."

மூன்று வருடமாக அவன் வாயிலிருந்து வராத பெயர். பாரதிக்குக் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை, ஆனால் அழுகையும் வரவில்லை. "ரெண்டு வாரமா என்னை நாய் மாதிரிப் பேசுனாங்களே," என்றாள். "பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க."

"நான் வச்சது இருவத்தாறுக்கு பாரதி. இது அதுதான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அவள் சொன்னாள். தேதியும் கிழமையும் இரண்டும் போட்டால் என்ன ஆகும் என்று நாலே வார்த்தையில் சொன்னாள். "அப்ப குஞ்சம்மா அத்தை விழுந்தது..." என்று ஆரம்பித்தவன் முடிக்காமல் சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

மணி ஒன்பது ஆகியிருந்தது.

"மொதல்ல அதை நிறுத்தும்மா," என்றார் பூமிநாதன்.

பாரதி மணிவேலின் பட்டியலைத் திறந்தாள். வேறொரு வரிக்குப் போய், திரும்பி, அந்த வரியின் தலையில் ஒரு குறியைப் போட்டாள். அந்தக் குறி இருந்தால் மெஷின் அந்த வரியைப் படிக்காமல் தாண்டிப் போகும். சேமித்தாள். சேமித்ததா என்று மறுபடி திறந்து பார்த்தாள். ஒன்பது மூன்று. இன்னொரு தடவை முழுப் பட்டியலையும் ஓடவிட்டு, வேறு யாராவது சங்கு வைத்திருக்கிறார்களா என்று ஒவ்வொரு பெயராகப் பார்த்தாள். இல்லை. ஒன்பது நாலு.

வெளியே பேச்சு நின்றிருந்தது. அத்தனை தலையும் கம்பத்து ஸ்பீக்கரை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. வாசலில் நின்ற ஒரு பெண் பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். ஓட மாட்டேன் என்று போன வாரம் சிரித்தவர்களில் அவளும் ஒருத்தி. பாரதி சுவர்க் கடிகாரத்தின் நொடி முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்பது ஐந்து வந்தது. அறுபது நொடியும் அவள் கணக்கில் ஒரு வருடம். ஒன்பது ஆறு. ஸ்பீக்கர் மேல் உட்கார்ந்திருந்த காக்கா எழும்பிப் போனது, அவ்வளவுதான்.

"வெளியில நான் பேசிக்கிறேன்," என்றார் பூமிநாதன் மெதுவாக. "மெஷின் கோளாறு, சரி பண்ணியாச்சுன்னு சொல்லிடுறேன். பேரு எதுவும் வேணாம்."

"வேணாம் மாமா," மணிவேல் எழுந்தான். "அப்படிச் சொன்னா இவ பேருதான் நிக்கும்." வேட்டியை மடித்துக் கட்டியிருந்ததை அவிழ்த்துவிட்டு, யாருக்கும் காத்திராமல் வெளியே போனான். பாரதி பின்னாலேயே ஓடினாள். அடிப்பார்கள் என்றுதான் அவளுக்குப் பட்டது.

அவன் நேரே ராஜாவின் முன்னால் போய் நின்றான். "சங்க வச்சது நாந்தான் ராஜா. பாரதிக்குத் தெரியாது. அம்மா விழுந்ததுக்கு நாந்தான் காரணம்."

ராஜாவின் கை இறுகியது. பக்கத்தில் இருந்த இருவர் அவன் தோளைப் பிடித்தார்கள். "எதுக்குண்ணே?" என்றான். குரல் கீச்சிட்டது. "வெளயாட்டா?"

"இருவத்தாறுக்குத்தான் வச்சேன். ஒம்பது அஞ்சுக்கு. கெழமையும் சேத்துப் போட்டுட்டேன். அதான் எல்லா ஞாயித்துக்கெழமையும் ஊதிடுச்சு."

கூட்டத்தில் பின்னால் நின்றவர்களுக்கு முன்னால் நின்றவர்கள் சொன்னார்கள். இருபத்தாறு, ஒன்பது ஐந்து, ஞாயிற்றுக்கிழமை. யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. யாரோ ஒரு கிழவர், "எங்க வூட்டுக்கு ஒம்பதுக்கே வந்துடுச்சு," என்றார். "நாங்க டிவியில பாட்டுப் பாத்துக்கிட்டிருந்தோம். எட்டு அம்பத்தெட்டு," என்றது இன்னொரு குரல். ஆளுக்கொரு நிமிடம் வைத்திருந்தார்கள். மூன்று வருடமாக அதைப் பற்றி ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டதில்லை.

ராஜா அண்ணாந்து கம்பத்து ஸ்பீக்கரைப் பார்த்தான்.

"தண்ணி வந்த நேரத்துக்கு ஊதி என்னண்ணே பண்றது?" என்றான் கடைசியில். "வர்றதுக்கு முன்னாடியில்ல ஊதணும். எங்கம்மாவுக்கு ரோடு வரைக்கும் போவ இருவது நிமிஷம் ஆவும். ஓடாம, விழாம நடந்தா." அவன் பிடித்திருந்தவர்களின் கையை உதறினான். "எறக்காதீங்க. இருவத்தாறு அன்னைக்கி ஊதட்டும். எல்லாருக்கும் முன்கூட்டியே சொல்லிட்டு ஊதுங்க. யாரு யாரு எம்மாம் நேரத்துல ரோட்டுக்குப் போறாங்கன்னு நடந்து பாத்துடுவோம். ஆனா நீ இப்ப என்கூட ஆஸ்பத்திரிக்கு வரணும். அம்மாகிட்ட நீயே சொல்லு."

"வர்றேன்," என்றான் மணிவேல்.

பூமிநாதன் கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். மறுத்து யாரும் பேசவில்லை. பாரதியிடம் மன்னிப்பு என்று ஒரு வார்த்தையும் யாரும் சொல்லவில்லை. அந்த ஊரில் அப்படிச் சொல்லும் பழக்கம் கிடையாது. குழாயடியில் பேசியவர்களில் ஒருத்தி மட்டும் கிட்டே வந்து, "எத்தனை மணிக்குடி வைக்கப்போற?" என்று ஒன்றுமே நடக்காதவள் மாதிரிக் கேட்டாள்.

"எட்டு நாப்பதுக்கு வைம்மா," என்றார் பூமிநாதன்.

பாரதி உள்ளே வந்து உட்கார்ந்தாள். மணிவேல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் முன் ஒரு நிமிடம் என்று ராஜாவிடம் சொல்லிவிட்டு அவள் பின்னால் வந்து நின்றான். அவள் அவனுடைய பட்டியலையே திறந்தாள். தன்னுடையதில் மாற்றி எழுதலாம், ஆனால் மனம் வரவில்லை. வரியின் தலையில் போட்ட குறியை எடுத்தாள். ஐந்தை நாற்பதாக்கினாள். ஒன்பதை எட்டாக்கினாள். இருபத்தாறையும் பன்னிரண்டையும் தொடவில்லை. கடைசிப் பூஜ்யத்தை அழித்துவிட்டு அங்கே நட்சத்திரம் போட்டாள்.

"இருவத்தஞ்சு நிமிஷம் போதுமா?" என்றான் அவன்.

"நம்ம வூட்டுலேருந்து ரோட்டுக்கு ஒம்பது நிமிஷம்," என்றாள் அவள் திரையைப் பார்த்தபடி. "ஒரு கொடம் தண்ணிய இடுப்புல வச்சுக்கிட்டு நடந்து பாத்திருக்கேன். அன்னைக்கி அவ அந்த கனம்தான் இருந்திருப்பா."

அவன் கை அவள் தோளில் வந்து விழுந்தது. அவள் அதை விலக்காமல், வலது கையால் மட்டும் சேமித்தாள்.